மரக் காயப் பசை ஒரு டப்பா: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

டப்பாவின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பசை இன்னும் மிச்சம் இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது; குச்சியால் குத்தினால் பழைய பெயிண்ட் மாதிரி இழுபட்டது. 2022 ஆகஸ்டில் வாங்கிய ஒரு கிலோ டப்பா. விலை 480 ரூபாய், கூரியர் செலவு தனி. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை அந்த ஒரு கம்பெனியோடு நிற்கிற விஷயம் இல்லை. கவாத்துக் காயத்தை 'ஆற்றும்' என்று சொல்லி விற்கிற எந்த டப்பாவை வாங்கியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். மூடியில் ஒரு மரப்படம், அந்த மரத்தின் மேல் குறுக்கே ஒட்டிய பிளாஸ்திரி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு காரணம் உண்டு. சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். ராஜபாளையம் பக்கம் வந்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது, அந்தத் தறிகளில் ஓடுவதில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி. எங்கே எந்த ஊரில் யாருக்கு அடிபட்டாலும் அதில் எங்கள் ஊர்த் துணி ஒரு சுற்று இருக்கலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அப்படி ஓர் இடத்தில் ஆயுளைக் கழித்தவன் கண்ணில் காயம் என்று ஒன்று பட்டால், எதையாவது எடுத்து மூடினால்தான் நிம்மதி.

அய்யனார் கோவில் போகிற வழியில் எனக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் தோப்பு. 46 மாமரம். பாதிக்கு மேல் சப்பட்டை, கொஞ்சம் பஞ்சவர்ணம், வேலி ஓரம் நாலு கிளிமூக்கு. எல்லாம் அப்பா வைத்தது. நாற்பது வருடத்தில் மரத்துக்குள் வெயில் இறங்காத அளவுக்கு அடைத்துக்கொண்டு, காய் எல்லாம் உச்சியில்தான் என்று ஆகிவிட்டது. பறிக்கிற கூலி காய் விலையை எட்டிப் பிடித்தது. ஓய்வு பெற்றதும் தோட்டக்கலை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். நடுவில் நிற்கிற பெரிய கிளைகளில் ஒன்றிரண்டை எடுத்து வெயிலை உள்ளே விடுங்கள், காய் முடிந்த கையோடு கவாத்தை முடித்துவிடுங்கள் என்றார்கள். தள்ளிப் போட்டால் வெட்டுக்குப் பிறகு விடுகிற தளிர் முற்றாது. மார்கழி, தையில் பூக்க வேண்டிய நுனி வெறும் இலையாகவே நின்றுவிடும். நல்ல யோசனை. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

புகார் எல்லாம் வெட்டிய விதத்தில். கூப்பிட்ட ஆள் கைதேர்ந்தவர்தான். புளி, தென்னை, எதிலும் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஏறிவிடுவார். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை. கிளை இருந்த தடமே தெரியக் கூடாது.

"அண்ணாச்சி, முண்டு நின்னா மழத்தண்ணி எறங்கி உளுத்துப் போகும். மொழுக்குன்னு வழிச்சு விட்டாத்தான் சீக்கிரம் மூடும்."

"அடியில மோதிரம் மாதிரி கொஞ்சம் பொடச்சிருக்கே தம்பி. அதையும் எடுக்கணுமா?"

"அதுதான் அண்ணாச்சி பாக்க அசிங்கமாத் தெரியும்."

வழித்தார். தடவிப் பார்த்தால் தண்டு எது, வெட்டு எது என்று தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை. அன்றைக்கு அது எனக்கும் பிடித்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. தொடைப் பருமனுக்கு இருந்த ஒரு கிளையை மேலிருந்து ஒரே மூச்சாக அறுத்துக்கொண்டு போனார். முக்கால்வாசி அறுபட்டதும் கிளை தன் கனத்திலேயே சரிந்து, மிச்சம் இருந்த பட்டையைக் கீழ்நோக்கி உரித்துக்கொண்டு விழுந்தது. இரண்டு அடி நீளத்துக்குத் தண்டின் பட்டை வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கியது. வாங்கி வைத்திருந்த டப்பாவை அப்போதுதான் திறந்தேன்.

மறுநாள், அலுவலகத்தில் யோசனை சொன்ன அதே அதிகாரி வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர் தோப்புக்குள் எட்டிப் பார்த்தார். முதல் நாள் வேலையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை; ரம்பத்தைக் கேட்டு வாங்கினார். கிளையின் அடிப்பக்கத்தில், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழிருந்து மேலாகக் கால் பங்கு அறுத்தார். அதற்கு நாலு விரல் வெளியே தள்ளி மேலிருந்து கீழாக அறுத்தார். கிளை முறிந்து நேராக விழுந்தது, பட்டை உரியவில்லை. இப்போது கையில் பிடிக்கிற அளவு முண்டு. அதைக் கடைசியாக, அந்த மோதிரப் புடைப்புக்கு வெளியே ஒட்டி, புடைப்பைத் தொடாமல் அறுத்து எடுத்தார். "இது கிளையோட கழுத்து. இதை விட்டுட்டா மரம் தன்னால மூடிக்கும். இதை வெட்டிட்டீங்கன்னா எதைப் பூசினாலும் புண்ணியம் இல்லை," என்றார். அதற்கப்புறம் எங்கள் ஆளும் அப்படியே வெட்டினார். கற்றுக்கொள்வதில் அவருக்கு வீம்பு கிடையாது, அதைச் சொல்ல வேண்டும்.

ஆக என் தோப்பில் தற்செயலாக இரண்டு வகை வெட்டு வாய்த்தது. கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? பழைய பேரேடு ஒன்றை எடுத்து, கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த 13 காயங்களுக்கு நம்பர் போட்டேன். தண்டோடு வழித்தவை ஐந்து. மூன்றுக்கு டப்பாப் பசை பூசினேன், இரண்டைச் சும்மா விட்டேன். கழுத்தை விட்டு வெட்டியவை எட்டு. மூன்றுக்கு டப்பாப் பசை, மூன்றுக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து நானே கரைத்த போர்டோ பசை, இரண்டு சும்மா. அகலம் எல்லாம் இரண்டரை அங்குலத்திலிருந்து நாலரை அங்குலத்துக்குள். இது ஆராய்ச்சி இல்லை. 13 காயத்தை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் 480 ரூபாய்க்குத் தீர்ப்புச் சொல்ல இது போதும்.

முதலில் பசையைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பூசுவதற்குச் சுகமான பொருள். கரைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். பழைய பெயிண்ட் பிரஷ் இருந்தால் போதும். மூக்கைத் துளைக்கிற வாடை இல்லை. ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்கிறது. பச்சையும் மண்ணும் கலந்த நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் பட்டையோடு பட்டையாகக் கலந்துவிடும். முதல் ஐப்பசி மழையில் கரையவே இல்லை. டப்பாவில் போட்டிருந்த வாக்குறுதிகளில் 'மழைக்குக் கரையாது' என்பது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. உள்ளே என்ன இருக்கிறது என்று தேடினால்தான் கிடைக்காது. 'இயற்கை மூலப்பொருள்கள்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பூஞ்சைக்கு மருந்து இருக்கிறதா, இருந்தால் என்ன, எத்தனை சதவீதம் என்று ஒரு எழுத்தும் இல்லை. பூச்சி மருந்துக் கடையில் பத்து ரூபாய் பாக்கெட் வாங்கினால்கூட அதெல்லாம் அச்சடித்திருக்கும்.

ஒரு சிக்கல் முதல் வாரமே வந்தது. மாமரம் வெட்டினால் பால் வடியும். வெட்டின அன்றே பூசியதால் இரண்டு காயத்தில் பால் உள்ளிருந்து தள்ளி, பசை அப்பளம் மாதிரி கொப்பளித்தது. குத்தி விட்டு மறுபடி பூசினேன். (மாம்பால் மேலே பட்டால் தோல் வெந்துபோகும்; நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முன்கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.)

அடுத்த பங்குனி, சித்திரை வெயிலில் பசை காய்ந்து, வறண்ட கண்மாய் மாதிரி மயிரிழை வெடிப்பு விட்டது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்தேன். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட அந்த மழை வந்தது. அது முடிந்து ஒரு வாரம் கழித்துத் தோப்புக்குப் போனால், சும்மா விட்ட காயங்கள் காய்ந்திருந்தன. பசை பூசியவற்றை அழுத்தினால் 'சதக்' என்றது. வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீருக்குத் திரும்பி வர வழி இல்லை. நான் போட்டது பேண்டேஜ் இல்லை, பாலிதீன் பை. பேண்டேஜ் துணிக்கு முதல் இலக்கணமே காற்றுப் புக வேண்டும், ஈரம் வெளியேற வேண்டும் என்பது. 31 வருடம் அந்தத் துணிக்குப் பில் போட்டவனுக்கு இது உறைக்க ஒரு பெருமழை வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில், மூன்று மழைக்காலம் முடிந்து, பேரேட்டோடும் ஒரு சூரிக்கத்தியோடும் உட்கார்ந்து 13 காயத்தையும் பார்த்தேன்.

3ஆம் நம்பர். தண்டோடு வழித்த வெட்டு, டப்பாப் பசை இரண்டு பூச்சு. வெளியிலிருந்து பார்த்தால் கண்காட்சிக்கு வைக்கலாம், அவ்வளவு நேர்த்தி. கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பினேன். முழுசாக ஒரு தட்டு மாதிரி கழன்று வந்தது. அடியில் கட்டை கறுத்து, ஊறிய பிஸ்கட் பதத்துக்கு இருந்தது. கட்டைவிரல் முதல் கணு வரைக்கும் உள்ளே இறங்கியது. ஓரத்தில் ஒரு துளை, அதிலிருந்து ஈரமான மரத்தூள். தண்டு துளைப்பான். சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டேன். ஒரு சாண் போனதும் ஏதோ மெத்தென்று தட்டியது. திருகி இழுத்ததில், என் சுண்டுவிரலைவிடத் தடிமனான வெண்மஞ்சள் புழு, தலை மட்டும் கறுப்பு, வாயில் இன்னும் மரத்தூளோடு வந்தது. இதன் தாய் நீளமான கொம்பு உள்ள வண்டு. பட்டை வெடிப்பு, காயம் இவற்றில்தான் முட்டை வைக்கும். பசை அதைத் தடுக்கவில்லை. என் கண்ணிலிருந்து மறைத்தது, அவ்வளவுதான். சும்மா விட்டிருந்தால் தூள் கொட்டுவதை ஒரு வருடம் முன்பே பார்த்திருப்பேன். துளைக்குள் மருந்து நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைத்தேன்.

தண்டோடு வழித்த மற்ற நாலும் ஒரே கதை, பசை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெட்டின் இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் புதுப்பட்டை உதடு மாதிரி புரண்டு வந்திருக்கிறது. மேலும் கீழும் வரவே இல்லை. பார்க்கப் பாதி திறந்த கண் மாதிரி இருக்கிறது. சும்மா விட்ட இரண்டிலும் கட்டை வெடித்து வெளுத்திருக்கிறது, ஆனால் கத்தி இறங்கவில்லை. பசை பூசியவற்றில்தான் இறங்கியது.

கழுத்தை விட்டு வெட்டிய எட்டும் வேறு சாதி. சுற்றிலும் ஒரே அளவாக, உளுந்த வடை மாதிரி வட்டமாகப் புதுப்பட்டை புரண்டு வந்து, நடுவில் ஓட்டை மட்டும் மிச்சம். இரண்டரை அங்குல வெட்டுகளில் அந்த ஓட்டையும் மூடி, தொப்புள் மாதிரி ஒரு சுழி. பெரியவற்றில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டை தெரிகிறது. இதில் டப்பாப் பசை பூசியது, போர்டோ பூசியது, சும்மா விட்டது என்று அளந்து பார்த்தால் வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றே ஒன்று: சும்மா விட்ட இரண்டில் ஒன்றின் பட்டை ஓரத்தில் கறுப்புத் தட்டி, ஒரு விரல் நீளத்துக்குப் பட்டை செத்திருந்தது. போர்டோ பூசிய மூன்றில் அப்படி இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் வைத்துக் கணக்கை முடிக்க முடியாது. ஆனால் பேரேட்டில் எழுதியிருக்கிறேன்.

ஏன் இப்படி என்பதை அப்புறம்தான் தேடிப் படித்தேன். அலெக்ஸ் ஷைகோ என்று அமெரிக்க வனத்துறையில் ஓர் ஆய்வாளர், 2006இல் காலமானவர். மரங்களை மோட்டார் ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பிளந்து, பழைய காயத்துக்குப் பின்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஆயிரக்கணக்கில் பார்த்தவர். அவர் சொன்னதன் சாரம் இது. நம் தோல் மாதிரி மரத்தின் காயம் 'ஆறுவது' இல்லை. கெட்டுப்போன கட்டை கெட்டுப்போனதுதான், அந்த இடத்தில் புதுச் சதை வராது. மரம் செய்வது சுவர் எழுப்புவது. மேலும் கீழும் ஒரு சுவர், அது இருப்பதிலேயே பலவீனம். உள்நோக்கி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நாலாவது, காயம் பட்ட பிறகு புதிதாக வளர்கிற கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே எழுப்புவது. அதுதான் கோட்டைச் சுவர். அழுகலை உள்ளேயே அடைத்து வைத்துவிட்டு, மரம் வெளிப்பக்கமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். அந்தக் கழுத்துப் புடைப்புக்குள்தான் கிளையின் அழுகல் தண்டுக்குள் இறங்காமல் தடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. அதை வழித்து எடுப்பது, வீட்டுக் கதவை நிலையோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டு, வாசலில் திரைச்சீலை தொங்கவிடுகிற வேலை. காயப் பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் 1970களிலேயே பூசிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து நான் 480 ரூபாய் கொடுத்து அதையே கண்டுபிடித்திருக்கிறேன்.

முண்டு விடுவதும் தப்புத்தான், அதில் எங்கள் ஆள் சொன்னது சரி. ஒரு சாண் முண்டு விட்டால் அது காய்ந்து, உளுத்து, மரம் மூட முடியாமல் வருடக்கணக்கில் நீட்டிக்கொண்டு நிற்கும். வழிக்கவும் கூடாது, முண்டும் கூடாது. நடுவில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

அப்படியானால் எதையும் பூசவே வேண்டாமா என்று கேட்டால், மாமரத்தில் நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மாவில் நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்து வருகிற நோய் உண்டு, வெட்டு வாய் வழியாக அது நுழையும். அதற்காகத்தான் வெட்டு வாயில் தாமிரப் பூஞ்சணக் கொல்லி தடவச் சொல்கிறார்கள். அது காயத்தை மூடுகிற வேலை இல்லை, பூஞ்சையை முளைக்க விடாமல் வைக்கிற வேலை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு விளங்கவே இத்தனை நாள் ஆனது. காப்பர் ஆக்சிகுளோரைடு பொடியைக் குழைத்துத் தடவுகிறவர்களும் உண்டு. நான் போர்டோ பசை. ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். எல்லாச் சாமானும் சேர்த்து எனக்கு 60 ரூபாய்க்குள் முடிந்தது.

கரைக்கிற விதத்தைச் சொல்கிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மயில்துத்தக் கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் அடியில் உட்கார்ந்துகொண்டு விடிய விடியக் கரையாது. துணியில் முடிந்து, அரை லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் நனைகிற மாதிரித் தொங்கவிட வேண்டும். கரைந்தது கனமாகிக் கீழே இறங்க, நல்ல தண்ணீர் மேலே வர, காலையில் முடிச்சு வெறுமையாக இருக்கும். முடிய நான் எடுத்தது எங்கள் கம்பெனியின் காஸ் என்கிற கட்டுத்துணி, நாலு மடிப்பு. அந்த நீலம் இழை இழையாகத் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்தேன். என் வீட்டம்மா, "காயத்துக்குக் கட்டுற துணி கடைசியில மருந்துக்குத்தான் ஆச்சு" என்றாள்.

இன்னொரு பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் நீற்றி வடிகட்டிக்கொள்ளுங்கள். கல் சுண்ணாம்பு என்றால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், எட்டி நில்லுங்கள். ஆறினதும் நீலத்தைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். சுண்ணாம்பை நீலத்தில் ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம், தகர டப்பா வேண்டவே வேண்டாம். கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிவாள் நுனியை ஒரு நிமிடம் உள்ளே விட்டு எடுங்கள். செம்பு நிறம் ஏறியிருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம், அப்படியே பூசினால் பட்டை வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, அரிவாள் வெள்ளையாகவே வரும் வரை பார்க்க வேண்டும். எனக்கு முதல் தடவை செம்பு ஏறியது, இரண்டு கரண்டி சுண்ணாம்பில் சரியானது. அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். மழை கழுவிக்கொண்டு போகும், அதனால் ஐப்பசிக்கு முன் ஒரு பூச்சு, மழை நின்றதும் இன்னொன்று. துத்தம் விஷம், கையுறை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

இந்த நீலத்துக்குக் கதை ஒன்று உண்டு. பிரான்சில் போர்டோ பக்கம், மெதோக் என்ற வட்டாரத்தில், வழிப்போக்கர் திராட்சையைப் பறித்துத் தின்னாமல் இருக்க, ரோட்டோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார்கள். பார்க்க விஷம் மாதிரி இருக்கும் அல்லவா? அந்த வரிசைகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் 1882இல் கவனித்து, 1885இல் வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து அடித்தது உலகத்துக்கே மருந்தானது. எங்கள் வேலியோர நாலு கிளிமூக்குக்கும் அடித்துப் பார்க்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊர்ப் பையன்கள் நீலமாக இருந்தாலும் கழுவித் தின்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

போன வருடம் வேறு ஒரு பரீட்சை வந்தது. மலையிலிருந்து யானை இறங்கியது. எங்கள் பக்கத் தோப்புகளுக்கு இது பழகிப்போன விருந்தாளி. வேலியை மிதித்து வந்து, ஒரு சப்பட்டை மரத்தின் கையளவு வாகான கிளையைப் பிடித்து இழுத்திருக்கிறது. கிளை முறிந்ததோடு மூன்றடி நீளத்துக்குப் பட்டை கிழிந்து, கட்டை பச்சையாகத் தெரிந்தது. யானையிடம் போய்க் கழுத்தை விட்டு முறி என்று சொல்ல முடியுமா? டப்பாவை எடுக்கக் கை போனது, அடக்கிக்கொண்டேன். தொங்கின முறிவைக் கழுத்துக்கு வெளியே சுத்தமாக அறுத்தேன். கட்டையோடு ஒட்டாமல் கிளம்பி நின்ற பட்டையை மட்டும், கூரான கத்தியால், உயிர்ப்பட்டை தொடங்குகிற இடம் வரை சீவி எடுத்தேன். காயத்தை இலை மாதிரி, கதிர் மாதிரி கூராகச் செதுக்கி வடிவாக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நல்ல பட்டையும் போய்க் காயம் பெரிதாகும், அவ்வளவுதான். ஓரங்களுக்கு மட்டும் போர்டோ. ஒரு வருடத்தில் இரண்டு ஓரமும் அரை அங்குலம் புரண்டிருக்கிறது. மூட என் காலம் போதாது. பரவாயில்லை, காய்க்கிறது.

தார் பூசுவது பற்றியும் ஒரு வார்த்தை. ரோட்டோர மரங்களில் கறுப்பாகப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் தார் கொதித்து ஓரத்துப் பட்டையைச் சுடும், அப்புறம் வெடிக்கும், அப்புறம் என் டப்பாப் பசை செய்த அதே வேலையைச் செய்யும். அம்மா முருங்கையை வெட்டினதும் முண்டு மேல் சாணி உருண்டையைத் தொப்பி மாதிரி வைப்பாள். மரத்துக்கு அதனால் என்ன லாபம் என்று நான் அளந்ததில்லை. வீட்டு முருங்கையை வெட்டினால் நானும் ஒரு உருண்டை வைக்கிறேன், அது அம்மாவுக்காக.

சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதை மட்டும் நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். நடுக்கிளையை எடுத்ததும், நாற்பது வருடம் நிழலிலேயே இருந்த தண்டில் திடீரென்று நேர் வெயில் படும், பட்டை வெந்து வெடிக்கும். முதல் வருடம் எனக்கு அது தெரியாது. மேற்குப் பார்த்த இரண்டு தண்டில் பட்டை உரிந்தது. அடுத்த மரங்களுக்கு வெள்ளை அடித்தேன், உரியவில்லை. வெட்டின வாயைவிட வெட்டாத தண்டைத்தான் அந்த வருடம் கவனிக்க வேண்டும்.

சரி, மதிப்பெண். டப்பாப் பசைக்கு ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று மழைக்குக் கரையாததற்கு, அரை பூச எளிதாக இருந்ததற்கு. ஒட்டுக்கட்டுகிறவர்கள், சுண்டுவிரல் பருமன் வெட்டின் ஈரம் காயாமல் இருக்க ஒரு பொட்டு வைக்கிறவர்களுக்கு இது உதவலாம். அந்த வேலைக்கு நான் பயன்படுத்திப் பார்க்கவில்லை. பெரிய கிளை வெட்டுக்கு வேண்டாம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மடக்கு ரம்பம் ஒன்று வாங்குங்கள், இழுக்கும்போது அறுக்கிற பல் உள்ளது. நான் 2023இல் 750 ரூபாய்க்கு வாங்கினேன். கிளையின் கவட்டுக்குள் நுழைந்து கழுத்தை உரசாமல் அறுக்க அரிவாளாலும் முடியாது, பெரிய ரம்பத்தாலும் முடியாது. அதற்கு ஐந்துக்கு நாலரை. பிடியில் ஒரு ஸ்குரூ அடிக்கடி லூசாகிறது, அதனால் அரை குறைத்தேன். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது பல்லை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பஞ்சுக்கும் ஸ்பிரிட்டுக்கும் எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை.

வெட்டுகிற ஆளுக்கு என்ன கூலி என்று கேட்பவர்களுக்கு: இப்போது நான் மரக் கணக்கில் பேசுவதில்லை, நாள் கணக்கில்தான். மரக் கணக்கென்றால் அவர் மூன்று அறுப்பை ஒன்றாக முடிக்கத்தான் பார்ப்பார், அது அவர் தப்பு இல்லை. அதே தம்பிதான் இன்னும் வருகிறார். போன மாதம் பக்கத்துத் தோப்புக்காரரிடம், "அந்த மோதிரத்தத் தொடாதீங்க, அதுதான் மரத்துக்கு உசிரு" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

டப்பாவில் மிச்சம் இருந்த பசையில் முக்கால்வாசியை வெளியே எடுத்தாயிற்று. ஆடையைக் கிழித்து, அடியில் இருந்ததை வழித்து, மோட்டார் ரூம் தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டைகளுக்கு வைத்தேன். போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.